காம்பாரில் மழைநாள்

22 டிகிரிக்கு ஸ்வெட்டரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவின் காம்பார் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிய ஒருவர், மழைக்கோட்டுக்குள் ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றித் துண்டு, காலில் சாக்ஸ் என்று முழு அலங்காரத்தில் இருந்தார். நான் ஊட்டிக்காரன். தை மாத விடியலில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். 2018 ஜனவரியில் மலேசியாவின் பல ஊர்களில் வெப்பநிலை 21, 22 டிகிரிக்கு இறங்கியபோது பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாகப் போட்டன என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்போதே சிரித்தாகிவிட்டது. நேரில் பார்த்தபோது இன்னொரு முறை சிரித்தேன்.

இந்த நாட்டிலும் உருப்படியான குளிர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. மலேசியாவில் அதிகாரபூர்வமாகப் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை அதுதான். காம்பாரிலிருந்து தெற்கே தாப்பா போய், அங்கிருந்து மலையேறினால் சுமார் 60 கிலோமீட்டரில் கேமரன் மலையின் தானா ராத்தா. அந்தக் குளிரை ஒரு கை பார்த்துவிடுவது என்று காரும் பேசி வைத்திருந்தேன்.

கார் வந்தது. ஓட்டிவந்த தம்பிதான் மறுத்துவிட்டார்.

“இன்னிக்கி மேல வேணாம் அண்ணே. ரோடு வழுக்கும்.”

மழை ஒன்றும் கொட்டவில்லை. ஊருக்குப் பின்னால் நிற்கும் புஜாங் மலாக்கா மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது, கீழே பூந்தூறல். என் கைபேசியில் ஆதாரம் தயாராக இருந்தது. மலேசிய வானிலைத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறங்களில் எச்சரிக்கை தருகிறது: மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ஆபத்து. அன்று நிறமெல்லாம் கிழக்குக் கரைக்குத்தான். காம்பார் இருக்கும் பேராக் மாநிலத்துக்கு ஒன்றுமே இல்லை. அதைக் காட்டினேன்.

“அது ஆபீஸ்ல உக்காந்து போடுறது அண்ணே. ரோட்ல நான்தானே ஓட்டணும்.”

“எங்க ஊர்ல கல்லட்டி மலைப்பாதைன்னு ஒண்ணு இருக்கு தம்பி. 36 கொண்டை ஊசி வளைவு. மழையிலயும் போறாங்க.”

“போறாங்க, சரி. எல்லாரும் வந்து சேர்றாங்களா?”

அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. 50 ரிங்கிட் கூடத் தருகிறேன் என்று வேறு பக்கம் போனேன். அவர் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காசைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அதைப் பார்த்து என் முகமும் மாறியது. வெயிலடித்துக் காய்ந்த சாலையில் விழும் முதல் மழைதான் மோசம், லாரிகள் சிந்திய எண்ணெயெல்லாம் மேலே வந்து மிதக்கும், நன்றாக நாலு மணி நேரம் கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும், இந்தத் தூறல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று அவர் விளக்கினார். நான் காது கொடுக்கவில்லை. கடைசியாக, “போஸ் டிப்பாங் தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

தெரியாது. காம்பாருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஒராங் அஸ்லி பழங்குடிக் குடியிருப்பு அது. 1996 ஆகஸ்டு 29 அன்று பெய்த மழையில் மலையிலிருந்து சேறும் மரமுமாக இறங்கிவந்து 44 பேரைக் கொண்டுபோனது. அவருக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆனால் இந்த ஊரில் மலைமேல் மேகம் உட்காரும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அந்தப் பேரைச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

“பசிக்குதா? ஆயா கடைக்குப் போவோம்.”

காம்பாருக்கு வந்தால் ரொட்டிக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்டுத் தருவார்களே, அதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்பார்கள். எனக்குக் கிடைத்தது தகரக் கொட்டகை ஒன்றில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும். கூட ஒரு பாலில்லாத கோப்பி ஓ. அந்தக் கொட்டகைதான் தம்பியின் பாட்டி நடத்தும் கடை. ஆவி பறக்கும் கிழங்கை விரல் சுடச் சுடப் பிட்டு, இனிப்பும் காரமுமான சம்பலில் தொட்டு வாயில் போட்டபோது கோபம் பாதி இறங்கியது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி இல்லாமல் தோட்டங்கள் உயிர் பிடித்துக் கிடந்தது இந்தக் கிழங்கில்தான். ஆயா அந்தக் காலத்துக்குப் பின்னால் பிறந்தவர். “எங்கம்மா இதைக் கையால தொடமாட்டாங்க. அவ்வளவு தின்னு தீத்துட்டாங்க” என்றார்.

ஆயா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்தவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. வேலைக்கு வெளிநாட்டார்.

“மேல போவலயாமே? நல்லதாப் போச்சு. மழைநாளு.”

“இது மழையா அம்மா? எங்க ஊர்ல இந்தத் தூறல்ல தேயிலை பறிப்பாங்க.”

உண்மைதான். நீலகிரியில் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடியோடு கொழுந்து பறித்துக்கொண்டேதான் இருப்பார்கள். மழை அங்கே தொல்லை, ஆனால் வேலையை நிறுத்தாது.

ஆயா பேசாமல் தோல் உரிக்காத கிழங்கு ஒன்றை எடுத்து மேசையில் செங்குத்தாக நிறுத்தினார். கத்தியால் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். தோல் மட்டும் மெல்லிய நாடாவாகச் சுருண்டு வந்தது. உள்ளே வெள்ளைச் சதையில் ஒரு கீறல்கூட இல்லை. கத்தி பிடித்த அந்த விரல்களுக்கு இன்னமும் அளவு மறக்கவில்லை. “இதான் வெட்டு. பால் இந்தக் கோட்டுலயே ஓடி, கீழ கட்டியிருக்கிற மங்குல விழணும். இப்பப் பாருங்க.” குவளையிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கிழங்கின் தலையில் ஊற்றினார். தண்ணீர் கோட்டை மதிக்காமல் நாலு பக்கமும் வழிந்து மேசையை நனைத்தது. “பாலும் இப்படித்தான் போவும். மரமெல்லாம் வெள்ளையா வழிஞ்சி நிக்கும், மங்குல மழத்தண்ணிதான் இருக்கும். ஈரப்பட்டையில வெட்டுனா மரமும் அழுகிடும்.”

ஈரமான வெட்டுப்பட்டையில் பூஞ்சை ஏறும் என்பது நமது குமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிகளுக்கும் தெரிந்த சங்கதி. அங்கேயும் கேரளத்திலும் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் பால் எடுக்கிறார்கள். ஆயா வேலை பார்த்த தோட்டத்தில் அதெல்லாம் கிடையாது. இருட்டோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். மரம் ஈரமா என்று பார்க்கப்படும். ஈரம் என்றால் வேலை இல்லை. நாள் கூலிதான் என்பதால் சம்பளமும் இல்லை. வெட்டி முடித்த பிறகு ஒன்பது மணிக்கு மழை வந்தால் இன்னும் மோசம். வேலையும் போச்சு, பாலும் போச்சு.

“சில நாளு மேகத்தப் பாத்துட்டே வேலை இல்லன்னு அனுப்பிருவாங்க. லயத்துக்கு வந்து சோறாக்குனா பளிச்சுன்னு வெயில் அடிக்கும். பெய்யாத மழைக்கும் நாங்க சம்பளம் விட்டிருக்கோம் தம்பி.”

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. மாதச் சம்பளம் என்ற கோரிக்கை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கோரிக்கையாகவே இருந்தது.

குளிர் மட்டும் நல்லதாம். மழை இல்லாத குளிர்ந்த விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நிறைய ஓடும். அதனால்தான் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போனார்கள். ஆனால் தை மாசி வாக்கில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். துளிர் விட்டு இலை முற்றும்வரை பால் குறைவு. இந்த வெப்பநாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த மரங்களுக்கும் அவற்றை நம்பியிருந்த அடுப்புகளுக்கும்தான் வந்திருக்கிறது. தெர்மாமீட்டரில் அது தெரியாது.

கடையில் உட்கார்ந்து காற்றின் கணக்கையும் பார்த்தேன். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் கனத்துக் கிடக்கும் குளிர்காற்று, சீனத்தைத் தாண்டி, தென்சீனக் கடலில் ஈரம் குடித்துக்கொண்டு வந்து மலேசியக் கிழக்குக் கரையில் மோதுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்தது இந்தப் பருவத்து மழைதான். இதே வடகிழக்குக் காற்றுதான் வங்கக் கடல் வழியாக நமக்கு ஐப்பசி கார்த்திகை மழையைக் கொண்டுவருகிறது. பேராக்குக்குத் தித்திவங்சா மலைத்தொடர் மதில்போல் நிற்பதால் அடி நேராக விழுவதில்லை. காற்று பலத்து வரும் நாட்களில் மேகம் மட்டும் மதில் தாண்டிவந்து சூரியனை மறைத்துவிடும். வழக்கமாகப் பகலில் 32, 33 டிகிரி கொதிக்கும் ஊர், நாள் முழுக்க 24ஐத் தாண்டாமல் கிடக்கும். வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அதுவே குளிர்தான். அந்த மோட்டார்காரரின் ஸ்வெட்டரை மன்னித்தேன். சாக்ஸை இன்னும் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் விடுதியில், தாப்பா வழியாகக் கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்றைச் சந்தித்தேன். மண் சரியவில்லை, மரம் விழவில்லை, கொஞ்சம் பனிமூட்டம் அவ்வளவுதான் என்றார்கள். சூடாக ஸ்ட்ராபெரிக் கதைகள் வேறு. போயிருக்கலாமே என்று எரிச்சல் திரும்பவும் ஏறியது. பிறகுதான் தோன்றியது: அந்தத் தம்பிக்கும் இன்று வாடகை இல்லை. பெய்யாத மழைக்கு அவரும் ஒரு நாள் கூலியை விட்டிருக்கிறார், அதுவும் யாரும் அனுப்பாமல், தானாகவே.

டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில்தான் மழை கூடுதலாகப் பிடிக்கும். டிரைவர் வர மாட்டேன் என்றால் வாதம் பண்ணாதீர்கள், அன்றைய வாடகையில் பாதியாவது கொடுத்துவிடுங்கள். நான் மறுநாள் காலை கொடுக்கப் போனபோது தம்பி கையை நீட்டவில்லை. ஆயா வாங்கிக்கொண்டார்.