கேட்டுக் கட்டுங்கள்

கடல் கடந்த மடல் – ஸ்காபரோ, கனடா



இந்தக் கிழமை தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே அயடீன் குளிசைகள். எங்களுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில், பிக்கறிங் அணு மின்நிலையம் 1971 முதல் ஓடுகிறது. அதற்காகத்தான் இந்தக் குளிசை.

விதி இதுதான்: உலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் யாரும் கேட்காமலே குளிசை கொடுக்க வேண்டும். 50 கிலோமீட்டருக்குள் இருப்பவர் கேட்டால் இலவசமாக அனுப்ப வேண்டும். உலையில் விபத்து நேர்ந்தால் கதிரியக்க அயடீன் காற்றில் கலந்து, தைரொயிட் சுரப்பியில் போய்த் தங்கலாம். முன்கூட்டியே நல்ல அயடீனால் சுரப்பியை நிரப்பிவிட்டால் கெட்டதற்கு இடமிராது. மற்ற உறுப்புகளை இது காக்காது. அதிகாரிகள் சொன்னால் மட்டுமே விழுங்க வேண்டும்.

திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கும் அக்காவுக்கு இதைச் சொன்னேன். "ஆபத்து இருக்கெண்டு அவையே ஒத்துக்கொண்டு குளிசையும் தருகினம். பிறகு எப்படியடா நிம்மதியாப் படுக்கிறியள்?" என்றா.

ஒத்துக்கொள்வதால்தான், அக்கா, நிம்மதியாகப் படுக்கிறோம். 2020 ஜனவரி 12 காலை, பிக்கறிங்கில் ஏதோ நடந்துவிட்டதென்று ஒன்ராறியோ மாகாணம் முழுக்கக் கைபேசிகள் அலறின. தவறான அறிவிப்பு என்று திருத்தம் வரக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பிடித்தது. அடுத்த இரண்டு நாளில் 32,000க்கு மேற்பட்ட குளிசைக் கோரிக்கைகள் குவிந்தன. அரசு மன்னிப்புக் கேட்டது. விசாரித்து, பரிசோதனையின்போது நேர்ந்த மனிதத் தவறென்று அறிக்கையும் வெளியிட்டது. உலை அனுமதிக்கான பகிரங்க விசாரணையில் பங்கெடுக்க வருபவர்களுக்கு, எதிர்ப்பவர்கள் உட்பட, கனடாவின் அணுப் பாதுகாப்பு ஆணையம் நிதியுதவியும் செய்கிறது.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூர். 2006இல் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பியோடிய சனம் இடம்பெயர்ந்து கிடந்தபோதே, அதே ஆண்டு டிசம்பரில், இலங்கை அரசு இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்தோடு திருகோணமலை மாவட்டத்தில் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டு, பிறகு அதற்குச் சம்பூர் நிலத்தை ஒதுக்கியது. காணிக்காரரை யார் கேட்டது? நிலத்தின் ஒரு பகுதி 2015இல்தான் திரும்பியது. 500 மெகாவாட் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. வயல், கோயில், மாட்டுப்பட்டி எல்லாம் இழந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த அந்தச் சனத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் காணியைக் கைவிடாமல் நின்றார்களே, அவர்கள் என் மாவட்டத்து மனிதர்.

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணு உலையிலும் இதே கதைதான். 1988இல் மொஸ்கோவும் டெல்லியும் பேசி முடித்தன. 2011இல் இடிந்தகரை மீனவர் கேள்வி கேட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது.

இப்போது இலங்கையும் அணு மின்சாரம் பற்றி யோசிக்கிறது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் மதிப்பீட்டுக் குழுவும் வந்து போனது. எங்கள் கரைக்கு அணுவோ அனலோ எது வந்தாலும், நில அளவையாளர் வருமுன் மூதூரிலும் திருகோணமலையிலும் தமிழிலும் சிங்களத்திலும் விசாரணை வையுங்கள் என்று கேளுங்கள். யாரின் காணி போகும், விபத்து நேர்ந்தால் சனம் எந்தத் தெருவால் வெளியேறும், கழிவை எங்கே வைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதைத் தர மறுப்பவர்களுக்கு ஒரு பேர்ச் நிலமும் கொடுக்காதீர்கள்.