கடாரத்துப் பலாவும் தஞ்சாவூர் வீணையும்

பள்ளி விடுமுறைக்குத் தஞ்சாவூர் போகிறேன் என்றதும், "பெரிய கோவிலுக்கா டீச்சர்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. கோவிலுக்கும்தான். ஆனால் என் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே ஒரு சாண் நீளப் பலாக்கட்டை இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்.

அந்தக் கட்டையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கைப்பட்டாணிப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் அப்பா ஊன்றிய பலாக்கொட்டை பெரிய மரமானது. பால்வெட்டு முடிந்து வந்து அதன் நிழலில்தான் அவர் கத்தி தீட்டுவார். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது மரமும் போயிற்று. அண்ணன் அதைப் பலகைகளாக அறுத்து வைத்தார். கதவு செய்யலாம், கட்டில் செய்யலாம் என்று வருடங்கள் ஓடின. பலகை மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது.

என் மகள் டவுனில் வீணை கற்கிறாள். பழைய வீணை ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தோம். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகி, மெட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. விரலை எங்கே வைத்தாலும் சுருதி விலகியது. "எனக்குக் கைவரவில்லை அம்மா" என்று அவள் பயிற்சியையே நிறுத்தப் பார்த்தாள். அப்போதுதான் தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது என்று படித்தேன். கூட்டு எடுத்த பணமும் கையில் இருந்தது. புறப்பட்டுவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்துக்குள் விமானம் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து பஸ்ஸில் தஞ்சை. முதல் நாள் பெரிய கோவில். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோவில் அது. 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்ற ராஜேந்திரனின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. மெர்போக் பள்ளத்தாக்குக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் நான் சொல்லும் பாடம் இது. அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. வென்றவன் ஊருக்கு, வெல்லப்பட்ட ஊரிலிருந்து ஒரு கட்டையோடு வந்திருக்கிறேன்!

மறுநாள் பட்டறை தேடிப் போனேன். பழைய கோட்டைப் பகுதித் தெரு ஒன்றில், நம் லயத்து முன்கட்டு அளவே உள்ள இடம். தரையெல்லாம் மஞ்சள் சீவல். பெரியவர் ஒருவர், காலால் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு உளியால் குடைந்துகொண்டிருந்தார். நம் பையன்கள் வாசிக்கும் கித்தாரை வைத்து வீணையை நினைத்துவிடக் கூடாது. கித்தாரின் வயிறு மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டியது. வீணையின் குடமோ முழு மரத்தைக் குடைந்து எடுத்தது. குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் வந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. குடத்தின் வாயை மெல்லிய பலகையால் மூடுகிறார்கள். மறுமுனையில் யாளி முகம். தண்டியின் அடியில் தொங்கும் சுரைக்காய் முன்பெல்லாம் உண்மைச் சுரைக்காயாகவே இருந்ததாம். இப்போது காகிதக் கூழிலும் ஃபைபரிலும் செய்கிறார்கள். தந்தத்தில் இழைத்த அலங்காரமும் சட்டத்தால் நின்று, அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா.

கட்டையை எடுத்து நீட்டினேன். பெரியவர் சிரிக்கவில்லை. விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்து மறுபடி தட்டினார்.

"மரம் நல்லா காஞ்சிருக்கும்மா. முத்தின மரந்தான். மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"பலகையாக அறுத்து வைத்திருக்கிறோம் ஐயா. இரண்டு அங்குல கனம்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "பலகையா அறுத்துட்டா குடம் எங்கேம்மா குடையறது? வெட்டினப்பவே உருட்டா வச்சிருக்கணும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் மேல் என்ன தப்பு? வீடு மாறும் அவசரத்தில் மரத்தைக் காப்பாற்றியதே பெரிது. அந்தப் பலகையில் ஒருவேளை கித்தார் செய்யலாம். வீணை செய்ய முடியாது.

பெரியவர் கட்டையைத் திருப்பித் தரவில்லை. "யாருக்கு வீணை?" என்றார். மகள் என்றேன். அவளுடைய வயது, உயரம், விரல் நீளம், எத்தனை வருடப் பயிற்சி என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, குடைந்து முடித்துக் காத்திருந்த ஒரு வீணையைக் காட்டி, "இதுக்குக் குதிரை இன்னும் போடலை" என்றார். குதிரை என்பது குடத்தின் மேல் நிற்கும் சிறு மரப்பாலம். அதன் தலையில் உலோகத் தகடு இருக்கும். வாசிக்கும் நான்கு கம்பிகளும் அதன் மேல்தான் ஏறிப் போகின்றன. கம்பியின் அதிர்வு மரத்துக்குள் இறங்குவது அதன் வழியாகத்தான். அதற்கு ஒரு சாண் கட்டை தாராளம்.

ஐந்து நாள் தங்கினேன். அதில் இரண்டு நாள் மேளம் கட்டுவதைப் பார்ப்பதிலேயே போயிற்று. தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து தண்டியின் இருபுறமும் கரைபோல் பூசி, அதன் மேல் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநாலு. 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு நிலைபெற்றது என்பார்கள். கித்தாருக்குக் கணக்கு உண்டு. மிச்சமுள்ள கம்பி நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த கட்டை கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். இங்கே அடிகோலே இல்லை. மேளம் கட்டுபவர் கம்பியை மீட்டுவார், கேட்பார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி கேட்பார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார். வகுப்பில் நான் பிள்ளைகளை அமர்த்துவது போலவே!

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பொருளை அந்தப் பெயரில் விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டறையில் நான் பார்த்த உளிப் பிடித்த கைகள் எல்லாம் நரைத்த கைகள். "பையன் என்ன செய்யறான் ஐயா?" என்று கேட்டதற்கு, "கம்பெனியில" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. பால்வெட்டுக்காரர் மகளான என் கையில் மட்டும் கத்தியா இருக்கிறது?

திரும்பும்போது நாலடி நீளப் பெட்டியை விமானத்தில் ஏற்றப் பட்ட பாடு தனிக்கதை. கம்பிகளைத் தளர்த்திக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் சுருதி கூட்ட அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு சரளி வரிசையை ஆரம்பித்தாள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனூண்டுதானா?" என்றார்.

"இத்தனூண்டுதான் அண்ணே."

வெயில் படாத அறையாகப் பார்த்து வீணையை வைத்திருக்கிறோம். மெழுகு மறுபடி இளகினால் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் பெரியவர். மீதிப் பலகை இன்னும் படிக்கு அடியில்தான் இருக்கிறது. கித்தார் செய்யத் தெரிந்தவர் யாராவது பீடோங் பக்கம் இருக்கிறார்களா என்று அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.