தொலைந்துபோன ‘லாம்’

நாக்பூரிலிருந்து ஒரு தபால் கார்டு. 2014-ல் வந்தது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். “சிந்துவெளியை அழித்தது வறட்சி என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். என் பேரன் ஆங்கில மூலத்தைக் காட்டினான். அதில், வறட்சிக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றுதானே இருக்கிறது? அந்த ‘லாம்’ எங்கே போயிற்று அம்மா?”

தமிழில் எம்.ஏ. படித்தவள் நான். விகுதியைப் பற்றி ரயில்வேக்காரர் பாடம் எடுக்கும்படி ஆகிவிட்டது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பக்கம் முடிக்கும் நேரம். ‘கலாம்’ என்று முடியும் தலைப்பை யார் படிப்பார்கள் என்று நானே நினைத்து நானே வெட்டினேன். அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் வந்தது. தலைப்பு வந்த எழுத்தின் அளவில் திருத்தம் வருவதில்லை.

அந்தக் கட்டுரை லோனார் ஏரியைப் பற்றியது. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், விண்கல் மோதி உண்டான பள்ளத்தில் தேங்கிய உப்பு ஏரி அது. 2008-ல் இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் அதன் அடியில் குழாயை இறக்கி, சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு வண்டலை உருளையாக எடுத்தார்கள். கடந்த 11,000 ஆண்டுப் பருவமழையின் கணக்கு அதில் இருந்தது.

சேற்றில் மழை எப்படிப் பதிவாகும்? மழை பதிவாவதில்லை, மழைக்குத் தக்கபடி வாழ்ந்த உயிர்கள்தான் பதிவாகின்றன. பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு எலும்பில்லை, ஓடில்லை. செத்தால் சுவடே இருக்காது என்று தோன்றும். ஆனால் அவற்றின் சவ்விலுள்ள சில கொழுப்பு மூலக்கூறுகள் எளிதில் மட்குவதில்லை. ஆக்சிஜன் எட்டாத ஏரியடியில் அவை பல்லாயிரம் ஆண்டுகள் கிடக்கும். மூலக்கூறுப் புதைபடிவங்கள் என்று இவற்றுக்குப் பெயர். லோனார் சேற்றில் அப்படிக் கிடைத்த ஒன்று டெட்ராஹைமனால். பாக்டீரியாக்களைத் தின்று வாழும் ஒருசெல் உயிர்கள் தயாரிப்பது. அது மிகுந்திருந்த அடுக்குகளை, ஏரி சுருங்கி உப்பேறிய காலத்தின் அடையாளமாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மழையைப் போலவே வெப்பத்தையும் இப்படிப் படிக்கிறார்கள். அது எனக்குப் புரிந்தது தேங்காய் எண்ணெயால். தில்லி ஜனவரியில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது; மே மாதம் தண்ணீராக ஓடும். உயிருள்ள செல்லின் சவ்வு இரண்டு மாதிரியும் ஆகிவிடக் கூடாது. ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. சூடு ஏறினால் கொழுப்பு மூலக்கூறுகளில் வளையங்களைக் கூட்டிச் சவ்வை இறுக்குகின்றன; குளிர்ந்தால் குறைக்கின்றன. உயிர் போன பிறகும் வளையங்கள் அப்படியே இருக்கும். எண்ணினால் அன்றைய நீரின் வெப்பம் தெரியும். நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2002-ல் கடல் வண்டலை வைத்து இந்தக் கணக்கை வகுத்தார்கள். பின்னர் அது ஏரிகளுக்கும் வந்தது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இதைப் பயன்படுத்தியவர்கள், 20-ம் நூற்றாண்டின் இறுதியில் ஏரி நீர் சூடேறிய அளவுக்கு அதற்கு முந்தைய 1,500 ஆண்டுகளில் ஏறியதில்லை என்று 2010-ல் அறிவித்தார்கள்.

இங்கேதான் ‘லாம்’ வருகிறது. இன்றைய நீரில் இந்த வெப்பத்துக்கு இத்தனை வளையம் என்று அளந்து பார்த்துத்தான் அந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள். அளவுகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. இருபுறமும் சிதறி நிற்கின்றன. கரையிலிருந்து மழை அடித்துவரும் மண்ணிலும் இதே வகை மூலக்கூறுகள் உண்டு. கலந்தால் கணக்கு தப்பும். அதனால் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் ‘கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்று எழுதுகிறார்கள். அது தயக்கமல்ல, கண்டுபிடிப்பின் ஒரு பகுதி.

ஏட்டுச்சுவடிப் பதிப்பைப் பாடமாகப் படித்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரே சுவடியை நம்பி யாரும் நூலைப் பதிப்பிப்பதில்லை. நாலு சுவடியை ஒப்பிட்டு, பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவார்கள். லோனாரிலும் அப்படித்தான். நுண்ணுயிர்க் கொழுப்போடு இலைகளின் மெழுகையும் பார்த்தார்கள். நீர் வற்றும்போது உண்டாகும் உப்புப் படிகங்களையும் பார்த்தார்கள். ஏறத்தாழ 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலும் நீண்ட வறட்சிகள் இருந்ததாக 2014-ல் எழுதினார்கள். முதல் வறட்சியின் முடிவும் சிந்துவெளி நகரங்கள் நலிந்த காலமும் அருகருகே வருகின்றன. அருகருகே வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு. அந்த இடைவெளியை நிரப்பியது சேறல்ல, என் தலைப்பு.

பின்னர் ஒருமுறை லோனாருக்குப் போனேன். பள்ளத்தின் விளிம்பில் நின்றால் கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீர். லவணாசுரனைத் திருமால் அழித்த இடம் என்பது அங்குள்ள நம்பிக்கை. லவணம் என்றால் உப்பு. கதை கட்டியவர்களும் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020 ஜூனில் இந்த ஏரி இளஞ்சிவப்பாக மாறியது. உப்பை விரும்பும் ஆர்க்கியா பெருகியதே காரணம் என்று புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் சொன்னது. பள்ளத்தின் வயதுகூட மாறிவிட்டது. முன்பு சுமார் 52,000 ஆண்டுகள் என்றார்கள். 2011-ல் வந்த ஆய்வு ஏறத்தாழ 5.7 லட்சம் என்கிறது. முதலில் சொன்னவர்களும் ‘சுமார்’ என்றுதான் சொன்னார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு தில்லியில் தமிழ்க் குழந்தைகளுக்கான பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரமாதமாகப் பேசினாள். நடுவில், “சிந்துவெளியை அழித்தது வறட்சியே என்று அறிவியல் நிரூபித்துவிட்டது!” என்று கை உயர்த்தினாள். கைதட்டல். அவள் சொன்னது என் தலைப்பு, கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல். முதல் பரிசு அவளுக்கே. அதில் என் மதிப்பெண்ணும் உண்டு.

கூட்டம் கலைந்ததும் அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். ஆற்றின் போக்கு மாறியது, மக்கள் கிழக்கே பெயர்ந்தது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன, இன்னும் முடிவாகவில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

“ஆனா ஆன்ட்டி, பத்திரிகையிலேயே போட்டிருந்ததே. அப்பா கட் பண்ணி வெச்சிருந்தார்.”

திருத்தத்தை அவள் அப்பா வெட்டி வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் மாட்டார். மூன்று வரியை யார் வெட்டி வைப்பார்கள்?

ஏரியடியில் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்றவை தாமாகப் பொய் சொல்வதில்லை. படித்துச் சொல்கிறவர்கள் ‘இவ்வளவுதான் தெரிகிறது’ என்று எல்லை போட்டுத் தருகிறார்கள். அந்த எல்லையோடு சேர்த்து அதைத் தமிழில் கொண்டுவருவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அந்தத் தபால் கார்டு இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இப்போதெல்லாம் தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்காவிட்டால் வேறு சொல்லை வெட்டுகிறேன்.