நிழற்படத்தின் எல்லை

ஓவியம் வரைவோன் வெறுந்துணியில் தொடங்கி, வேண்டுவனவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செல்கின்றான். நிழற்படம் எடுப்போன் நிலை இதற்கு நேர்மாறானது. உலகம் முழுதும் அவன் கண்முன் நிறைந்து கிடக்கின்றது. அவன் செய்யத்தக்கது வேண்டாதவற்றை விலக்குதலேயாம். நான்கு கோடுகளுக்குள் எதனை அடக்குவது, எதனை வெளியே நிறுத்துவது என்று அவன் துணியும் அக்கணத்திலேயே படத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது. அக்கோடுகளை எவ்வளவு நெருக்கி இடுதல் தகும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். யாம் தொழிலாக அன்றிப் பொழுதுபோக்காகவே பல்லாண்டு காமிராவோடு பழகியவர். எனினும், கைப்பேசிதோறும் காமிரா அமைந்துவிட்ட இந்நாளில் இவ்வினா மாணவர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

நெருங்கி எடுத்தலே சிறப்பென்போர் கூறும் காரணங்கள் வலியுடையனவே. புதிதாகப் படமெடுக்கப் பழகுவோர் பெரும்பாலும் எட்டவே நிற்பர். பரிசளிப்பு விழாவில் நண்பன் ஒருவனை அவர் எடுத்த படத்தை நோக்கின், மேடையும் தோரணமும் ஒலிபெருக்கியும் நாற்காலி வரிசையும் செவ்வனே விழுந்திருக்க, நண்பன் மட்டும் கடுகளவாய்த் தோன்றுவான். பத்தடி முன்சென்றிருப்பின் அவன் முகமலர்ச்சி படத்தில் நிறைந்திருக்கும். போர்க்களப் படங்களால் புகழ்பெற்ற ராபர்ட் காப்பா என்பார், படம் சிறவாமைக்குக் காரணம் போதிய அளவு நெருங்காமையே என்னும் கொள்கையர். அக்கொள்கையின்படியே வாழ்ந்து, 1954-ஆம் ஆண்டு இந்தோசீனப் போர்முனையில் கண்ணிவெடிக்கு இரையானார்.

எட்ட நின்று எடுத்துப் பின்னர் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டால் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். ஓரளவு ஆகும். பிரெஞ்சுக் கலைஞரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படத்தைப் பின்னர் வெட்டுதலை விரும்பாதவர். ஆயினும், 1932-இல் பாரிஸ் நகரத்துச் சான் லசார் இரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை அவர் எடுத்த பெயர்பெற்ற படமே, வேலிப்பலகை குறுக்கிட்டமையால் ஓரம் வெட்டப்பட்டதாம். ஆனால், நீளத்தில் பாதியும் அகலத்தில் பாதியும் வெட்டினால் எஞ்சுவது படத்தின் காற்பங்கே. அதனைப் பெருக்குங்கால் நுட்பம் குன்றும். அன்றியும், முன்னுள்ள பொருளுக்கும் பின்னுள்ள பொருளுக்கும் இடையே தோன்றும் அளவொப்பு, எடுப்போன் நிற்கும் இடத்தால் அமைவது; கத்தரிக்கோல் அதனை மாற்றவியலாது. மிக நெருங்கினாலும் குற்றமுண்டு. ஒரு முழத் தொலைவில் நின்று முகத்தை எடுப்பின், மூக்குப் பெருத்துச் செவிகள் சிறுத்துக் காட்டும். ஆதலின் முகப்படம் எடுப்போர் ஐந்தாறடி விலகி நின்று, தொலைவிலுள்ளதைச் சிறிது அணுக்கிக் காட்டும் லென்ஸைக் கையாளுவர்.

நெருக்கத்தின் ஆற்றலுக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்தில் நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்க வந்து, பயிர் உறைபனியால் கெட்டமையின் வேலையிழந்த கூலிமக்களின் தங்கலிடத்தை டாரத்தியா லாங் என்னும் அம்மையார் கண்டார். அரசாங்கத்திற்காகப் படமெடுத்து வந்த அவர், கூடாரமொன்றின்கீழ்த் தம் மக்களோடு இருந்த தாயொருவரைச் சில படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றில் கூடாரம் முழுதும் தெரிகின்றது. மூத்த மகள் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றாள். மற்றையவற்றில் அம்மையார் மேலும் மேலும் நெருங்கியமை புலனாகின்றது. முடிவில், தாயின் முகமும், கன்னத்தைத் தொடும் கையும், இருபுறமும் முகந்திருப்பிச் சாய்ந்த இரு குழந்தைகளும், மடியில் கைக்குழவியுமே எஞ்சின. அப்படமே 'புலம்பெயர் தாய்' என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. செய்தித்தாளில் அம்மையாரின் படங்கள் வெளிவந்த பின்னர், அரசாங்கம் அத்தங்கலிடத்திற்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருளை அனுப்பிற்று.

ஆயின், அந்நெருக்கத்தால் வெளியே நின்றவை யாவை? தாயின் பெயரை அம்மையார் கேட்டிலர். ஃபிளாரன்ஸ் தாம்சன் என்னும் அப்பெயர் 1978-இலேதான் வெளிப்பட்டது. உணவு வருமுன்னரே அக்குடும்பம் அவ்விடம் விட்டகன்றது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று முதுமையில் அவர் குறைகூறினார். படத்தின் கீழ்மூலையில் கூடாரக்காலைப் பற்றிய கட்டைவிரல் ஒன்று தெரிந்தது. அதுவும் காட்சிக்கு இடையூறென்று பின்னர் அழிக்கப்பட்டது. நல்லூழாக, அகன்ற படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கூடாரமும் பெட்டியும் மூத்த மகளும் சூழ இருந்தவர் அத்தாய் என்பதை இன்றும் ஆங்குக் காணலாம்.

அகன்ற படம் எஞ்சாவிடின் நேர்வது யாதென்பதை எம் இல்லத்திலேயே யாம் அறிந்துள்ளோம். எம் பாட்டியார் இறந்தபொழுது, அவர் தனியே எடுத்துக்கொண்ட படம் யாதும் இருந்திலது. திருமணமொன்றில் உறவினர் பதின்மர் சேர்ந்து நின்ற படத்தை ஸ்டூடியோவிற்குக் கொண்டுசென்று, பாட்டியார் முகத்தை மட்டும் பிரித்துப் பெருக்கிச் சட்டமிட்டு மாட்டினர். துக்க வீட்டில் செய்யத்தக்கது அதுவே. எவரையும் யாம் குறைகூறோம். மங்கலாயினும் அஃது அவர் முகமே. ஆனால், காதில் தொங்கிய பாம்படம் இருபுறமும் பாதியில் அறுபட்டது. இடத்தோளின்மேல் நான்கு விரல்கள் மட்டும் தங்கின. அவை பாட்டியாரின் தங்கையார் விரல்கள். வயலிலும் கிணற்றடியிலும் ஒருவரை ஒருவர் பிரியாதிருந்த அவ்விருவருள் தங்கையாரே முன்னர் மறைந்தவர். அவருக்கு வேறு படமில்லை. திருமணப் படமோ ஒரு மழைக்காலத்தில் சுவரிலேயே சிதலரித்துப் போயிற்று. எம் வீட்டுச் சிறுவர் இன்றும் அண்ணாந்து நோக்கி, "இது யார் கை?" என்று கேட்பர். பெயரைச் சொல்வோம், முகத்தைக் காட்ட எம்மிடம் ஒன்றுமில்லை.

ஆகவே, எவ்வளவு நெருக்குவது என்னும் வினாவிற்கு அளவுகோல் கொண்டு விடைகூறல் இயலாது. இப்படம் எதன்பொருட்டு என்பதே முதலில் எழவேண்டிய வினா. உள்ளத்துணர்ச்சியைக் காட்ட வேண்டின் நெருங்குக; வாழ்வைக் காட்ட வேண்டின் விலகுக. சக்கரத்தையும் மண்படிந்த கைகளையும் விடுத்துக் குயவரின் முகத்தை மட்டும் எடுப்பின், அவர் குயவரென்பது யாங்ஙனம் விளங்கும்? நெருங்குங்கால் மணிக்கட்டிலும் முழங்காலிலும் எல்லையிடற்க. மூட்டில் வெட்டினால் உறுப்பிழந்தவர் போலத் தோன்றுவர். பார்வை செல்லும் பக்கத்தில் சிறிது வெளி விடுக. எல்லாவற்றினும் மேலாக, நெருங்குமுன் அகன்ற படமொன்று எடுத்து, நின்றோர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைக்க. அகன்றதைப் பின்னர்க் குறுக்கலாம். குறுக்கி எடுத்ததை எவராலும் விரிக்கவியலாது.

கல்லூரிக் குழுப்படங்களைக் கலையுணர்வற்றவை என்று இகழ்வாருளர். யாம் அங்ஙனம் கருதோம். பழைய மாணவர் இம்மலரை விரித்ததும் முதற்கண் தேடுவன அப்படங்களையே. அவற்றின் ஓரங்களில் விடுதிச் சமையற்காரரும் ஆய்வுக்கூடப் பணியாளரும் தோட்டக்காரரும் நிற்பர். படக்காரர் நடுவரிசையை நோக்கி நெருங்குந்தோறும் முதலில் அறுபடுபவர் அவரே. அடுத்த ஆண்டு படத்திற்கு நிற்கும்பொழுது, மாணவ நண்பர்கள் வரிசையின் இரு முனைகளையும் ஒருமுறை திரும்பி நோக்கி, "ஐயா, இன்னும் நாலடி பின்னே செல்லுங்கள்" என்று படக்காரரை வேண்டிக்கொள்வார்களாக.