நாளுக்கு ஒரு முழம்

புத்தாண்டு பிறக்கும்போது புதிய உறுதிகளும் உடன் பிறக்கின்றன. “நாளை முதல் நடப்பேன்; இனிப்பைத் தொடேன்; உடல் எடையைக் குறைப்பேன்” என்று சனவரி முதல் நாளில் சூளுரைத்து, பொங்கல் கழியுமுன் மறந்துவிடுவோர் பலர். அவர்களுள் யானும் ஒருவனாக இருந்தேன். அம்மறதியினின்றும் என்னை மீட்டவர், ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நெய்யும் முதியவர் ஒருவர்.

பட்டும் அரிசியும் ஆரணியின் இரு பெருமைகள். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் கையால் நாடாவை இயக்குவார். காலால் மிதிக்கட்டையை மிதிப்பார். ஆயினும் நெடுநேரம் இருந்த இடம் விட்டு எழார். மூவேளையும் அரிசியுணவு, இடையிடையே சர்க்கரை மிகுந்த தேநீர். நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்தும் என் போன்ற ஆசிரியரின் வாழ்வும் இதனின் வேறன்று.

அம்முதியவருக்கு நீரிழிவு உண்டு. நெடுங்காலம் கட்டுப்படாத நீரிழிவு கால் நரம்புகளை உணர்விழக்கச் செய்யும். மிதிக்கட்டை உராய்ந்து உண்டான புண்ணின் வலி அவருக்குத் தெரியவில்லை. குழிக்குள் இருந்த கால் கண்ணுக்கும் படவில்லை. வீட்டார் கண்டபோது புண் புரையோடியிருந்தது. ஒரு விரலை இழந்த பின்னரே கால் பிழைத்தது. நலம் உசாவச் சென்ற என்னிடம், “தம்பி, பாவில் ஓர் இழை அறுந்தாலும் என் கண் கண்டுகொள்ளும். என் காலை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லையே!” என்றார்.

அச்சொல் என்னை உலுக்கியது. மறுநாளே குருதியைச் சோதித்தேன். நீரிழிவின் வாயிலில் நிற்பதாக மருத்துவர் கூறினார். நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கும் மேல் என 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. அச்செய்தியைப் படித்தபோது அதனைப் பிறர் கதையாகவே கருதியிருந்தேன்.

மீண்டும் முதியவரைக் கண்டு, “ஒரே திங்களில் பத்துக் கிலோ குறைக்கப் போகிறேன், ஐயா” என்றேன். அவர் நகைத்தார். “ஒரே நாளில் சேலை முழுவதும் நெய்ய முடியுமா, தம்பி? நாளுக்கு ஒரு முழம் நெய்யுங்கள், நாள் தவறாமல் நெய்யுங்கள்” என்றார். அளவிற் சிறிதாயினும் இடையறாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அன்றுதான் என் உடலோடு பொருத்திப் பார்த்தேன்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. பஜ்ருத் தொழுகைக்குப் பின் அரைமணி நேர விரைவு நடை, வாரம் ஐந்து நாள் என்றால் அக்கணக்கு நிறைவுறும். தேநீரில் சர்க்கரையை நீக்கினேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியையும் பருப்பையும் கூட்டினேன். முன்னோர் உண்ட கேழ்வரகுக் களியும் சவ்வாது மலைச் சாமையும் எங்கள் அடுக்களைக்குத் திரும்பின. அவையும் மாவுப்பொருள் மிக்கவையே ஆதலின் அங்கும் அளவு வேண்டும். திருமண விருந்தில் பிரியாணியை வெறுப்பதில்லை. இரண்டாம் முறை ஏற்பதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிவழி. வள்ளுவப் பெருந்தகையும் ‘மருந்து’ அதிகாரத்தில் அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறார். ரமலான் பகலெல்லாம் காத்த கட்டுப்பாட்டை இஃப்தார் வேளையில் வடையிடமும் சமோசாவிடமும் நாம் இழக்கலாகாது.

தவறிய நாள்களும் உண்டு. அறுந்த இழையை முடிந்து நெசவைத் தொடர்வதுபோல் மறுநாள் தொடர்ந்தேன். ஓராண்டில் ஆறு கிலோ குறைந்தது. குருதிச் சர்க்கரையும் இயல்பு நிலைக்குத் திரும்பியது. எல்லாப் புகழும் இறைவனுக்கே!

மாணவச் செல்வங்களே! உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இப்புத்தாண்டில் உங்களுக்கான ஒரு முழத்தை நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள். இல்லத்துப் பெரியோர்க்குச் சர்க்கரையும் குருதி அழுத்தமும் சோதித்தாயிற்றா எனக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அச்சோதனையை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்துள்ளது. அவர்களுக்கு நீரிழிவு இருப்பின், இன்றிரவே அவர்களின் பாதங்களைக் குனிந்து பாருங்கள். உங்கள் புத்தாண்டு உறுதி அங்கிருந்து தொடங்கட்டும்.