செவ்வொளிக்கு ஒரு சாட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளின் புகைக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலுக்கும் நடுவே, ஒரு கிடங்கில் இராக்காவல் புரியும் என் தாய்மாமன், சென்ற கார்த்திகையில் ஒரு விஷயத்தைச் சற்றுக் கூச்சத்தோடு என்னிடம் தெரிவித்தார்.

"ராத்திரியில அந்தக் காமிராவைச் சுத்தி நெருப்புப் பூத்த மாதிரி சிவப்பாத் தெரியுதுப்பா. மாட்டினவங்களைக் கேட்டா, அது கண்ணுக்கே தெரியாத வெளிச்சம், நீங்க போய்க் கண்ணைக் காட்டுங்கன்னு சொல்றாங்க."

காவல் ரிஜிஸ்தரில் அவர் அதை எழுதியும் வைத்திருந்தார். மேற்பார்வையாளர் அந்த வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்திருந்தார். கண்விழிப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு முதியவரின் பார்வையைப் பொய்யென்று தள்ளுமுன், அந்தச் சிவப்பு எங்கே பிறக்கிறது என்று தேடிப் பார்ப்பது என் கடமையென்று எனக்குப் பட்டது.

அன்று மாலை அவருடன் காத்திருந்தேன். அந்தி மயங்கியதும் காமிராவினுள் 'டக்' என்று ஒரு மெல்லிய ஓசை எழுந்தது; பகலெல்லாம் அகச்சிவப்புக் கிரணங்களைத் தடுத்து நின்ற கண்ணாடித் தகடு விலகும் ஓசை அது. உடனே லென்ஸைச் சுற்றியிருந்த சிறு விளக்குகள், சாம்பல் மூடிய தணல்போல மங்கலாகச் சிவந்தன. என் கண்ணுக்கும் அது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. ஆயின் வீட்டுக்கு வந்து டெலிவிஷன் ரிமோட்டை அழுத்திப் பார்த்தபோது, செல்பேசியின் முன்புறக் காமிராவில் பளிச்சிட்ட அதன் ஒளி வெறுங்கண்ணுக்குச் சிறிதும் புலப்படவில்லை. இரண்டும் அகச்சிவப்பே, ஒன்று தெரிகிறது, ஒன்று மறைகிறது.

இந்த வித்தியாசத்தின் காரணத்தைத் திருவள்ளூர் கடைத்தெருவில் காமிரா விற்கும் ஒருவர் அவிழ்த்துவைத்தார். ஒரு பெட்டியில் ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றும் மற்றொன்றில் 940 என்றும் அச்சிட்டிருந்ததைக் காட்டி, "இந்த 940ல சிவப்பே தெரியாது சார், ஆனா அவ்வளவு தூரம் எடுக்காது" என்றார். காமிராவின் உணர்கருவி சிலிக்கானால் ஆனது. ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் வரை அது உணர வல்லதாயினும், அந்த எல்லையை நெருங்க நெருங்க அதன் கூர்மை குன்றிவிடுகிறது. ஆகவே, நெடுந்தூரம் காண விரும்புவோர் 850ஐயும், விளக்கின் இருப்பையே மறைக்க விரும்புவோர் 940ஐயும் நாடுகின்றனர். ரிமோட்டில் வழக்கமாக இருப்பதும் 940தான்.

விளக்கின் வமிசாவளியை மேலும் பின்தொடர்ந்தேன். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தபோது பாதரசம் ஏறக்கண்டு, கண்ணுக்கெட்டாத கிரணங்களை உலகுக்கு அறிவித்தார். 1961இல் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும், காலியம் ஆர்சனைடு என்னும் படிகம் மின்சாரம் பாயும்போது அகச்சிவப்பை உமிழ்வதைக் கண்டனர். அப்படிகத்தில் அலுமினியம் கலந்து அலையைச் சற்றே குறுக்கியதன் சந்ததிதான், கும்மிடிப்பூண்டிச் சுவரில் எரியும் அந்த 850.

இனி எஞ்சியது கண். 'காணும் ஒளி 700 நானோமீட்டரோடு முடிகிறது' என்று பள்ளியில் நாம் படித்தது வசதிக்காக இட்ட வரப்பே தவிர, இயற்கை கட்டிய மதில் அன்று. 1947இல் ஜார்ஜ் வால்டும் அவருடைய சகாக்களும் மனிதக் கண்ணைப் பரிசோதித்து, வெளிச்சம் போதிய பலமுள்ளதாயின் 1,050 நானோமீட்டர் வரையிலும்கூட நாம் காண்கிறோம் என்று அளந்து காட்டினர். விழித்திரையின் நிறப்பொருளைத் தூண்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி வேண்டும். அகச்சிவப்பின் ஒளித்துகளில் அது சிறிது குறைகிறது. அந்தக் குறையை, உடலின் வெப்பத்தால் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு, எப்போதோ ஒருமுறை, தன்னிடமுள்ள சக்தியைக் கொண்டே நிரப்பிவிடுகிறது. அவ்வாறு நேர்வது மிக அரிது. ஆகையால்தான் பலமான விளக்கும் நம் கண்ணுக்கு மங்கிய தணலாகவே தெரிகிறது. இதை அறிந்தபோது என் மனம் நெகிழ்ந்தது. மார்கழிப் பனியில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் அந்த மனிதரின் உடற்சூடும் சேர்ந்தல்லவா அவருக்கு அந்தச் சிவப்பைக் காட்டியிருக்கிறது!

சர் சி. வி. ராமன் தம் முதுமையில், தம் கண்ணையே கருவியாகக் கொண்டு பார்வையின் இயல்பை ஆராய்ந்து, 1968இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அம்மேதையின் கண்ணுக்கு நாம் அளிக்கும் மரியாதையை, பன்னிரண்டு மணி நேரம் இருளையே நோக்கிப் பழகிய காவலாளியின் கண்ணுக்கு அளிக்க ஏன் தயங்குகிறோம்? சித்தாந்தம் அனுபவத்தோடு முரண்படும்போது, பார்த்தவனைச் சந்தேகிக்குமுன் நாம் கற்ற பாடத்தை மறுபடி வாசிப்பதே நியாயம்.

மறு வாரம் மாமாவிடம் அனைத்தையும் சொன்னேன். நெடுநேரம் அந்தச் செவ்வொளியைப் பார்த்திருந்தவர், "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு ரிஜிஸ்தரைத் திறந்து, தேதியும் நேரமும் குறித்து, அடிக்கப்பட்ட அதே வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் மீண்டும் எழுதிக் கையெழுத்திட்டார்.