நகக்கண்

தமிழில் நகத்துக்குக் கண் உண்டு. நகமும் சதையும் கூடும் நுண்ணிய இடத்துக்கு நகக்கண் என்று பெயர் வைத்தவர், அங்கே ஒரு சிராய் ஏறிய வலியை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நகத்தின் அடியில், வெண்பிறையை ஒட்டி மெல்லிய ஓரமாகப் படிந்து கிடக்கும் தோலுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் தனிப்பெயர் எதையும் நாங்கள் கேட்டதில்லை. அழகு நிலையங்கள் அதைக் கியூட்டிகிள் என்கின்றன. நலமாக இருக்கும்வரை அதை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அது கெட்ட பிறகு வரும் நோய்க்கு மட்டும் பெயர் இருக்கிறது: நகச்சுற்று. பேச்சு வழக்கில் நகச்சுத்தி.

அந்தத் தோல் சும்மா கிடப்பதன்று. நகத்தகட்டுக்கும் அதன் மேல் கவிந்த சதைமடிப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தண்ணீரும் கிருமியும் புகாதபடி அடைத்து வைப்பதே அதன் வேலை. அதை வெட்டி எடுத்துவிட்டு நகத்துக்கு வண்ணம் தீட்டுவது, கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் கோலம் போடுவது போன்றது என்பது நம் எண்ணம். அழகுக்கலை வல்லுநர்கள் பொறுத்தருள்க.

நகச்சுற்று என்றதும் தமிழ் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது எலுமிச்சம்பழம். எங்கள் ஆச்சியின் வலக்கைச் சுட்டுவிரலில் ஆண்டுக்கு ஒருமுறையாவது அது ஏறி உட்கார்ந்திருக்கும். பழத்தின் தலையைச் சீவி, உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தூவி, வீங்கிய விரலில் மாட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு கைமுறை மாறும். சிலர் உப்பு சேர்ப்பார்கள், சிலர் சுண்ணாம்பு. முதல் கால்மணி நேரம் எரிச்சல் உயிர் போகும். பிறகு விண்விண்ணென்று தெறிப்பது மெல்லக் குறையும். மஞ்சள் தொப்பி அணிந்த அந்த விரலை உயர்த்திப் பிடித்தபடி ஆச்சி திண்ணையில் அமர்ந்திருந்த கோலம் சிறுவர்களாகிய எங்களுக்கு வேடிக்கை.

அது மருந்தா என்று இன்று கேட்டால், தயங்காமல் ஆம் என்று சொல்ல முடியவில்லை. விரலில் திடீரென்று வரும் நகச்சுற்று பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. தொடக்கத்தில், பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் விரலை அமிழ்த்தி வைப்பதையே மருத்துவர்கள் சொல்கிறார்கள். சீழ் கட்டிவிட்டால் அதை வெளியேற்றியாக வேண்டும். எந்தப் பழமும் அதைச் செய்யாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வருவதுண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களோ பழத்தைத் தேடி நேரம் கடத்தவே கூடாது.

ஆயினும் ஆச்சிக்கு அது பலித்தது. ஏன் என்று எங்கள் வீட்டில் பலமுறை பேசியிருக்கிறோம். எங்களுக்குத் தோன்றும் காரணம் இதுதான்: விரலில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு பெண்ணால் பாத்திரம் துலக்க முடியாது, மாவாட்ட முடியாது, துணி அலச முடியாது. மருமக்கள் முறைவைத்து அந்த வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். 'கை வலிக்கிறது, இன்றைக்கு முடியாது' என்று வாய்திறந்து சொல்லும் வழக்கம் இல்லாத ஒரு வீட்டில், பழம் அவருக்காக அதைச் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் விடுப்புக் கடிதம் அது. மூன்று நாள் விரல் தண்ணீரில் படாமல் உலர்ந்து கிடந்தது. பாதி மருந்து அதுவாக இருந்திருக்கலாம்.

மருதாணியையும் இப்படிப் பார்க்கலாம். நகம் சொத்தையானால் மருதாணி இலையை அரைத்துத் தொடர்ந்து வைக்கச் சொல்வார்கள். பச்சை இலையை அரைத்து வைப்பதில் கேடு குறைவு. கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'க் கூம்புகளில் தலைமுடிச் சாயத்தின் வேதிப்பொருளைக் கலப்பதுண்டு, அது பலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். ஆனால் மருதாணி வைத்த கையாலும் வேலை செய்ய முடியாது அல்லவா? சோற்றைக்கூட இன்னொருவர்தான் ஊட்ட வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு யாரோ சோறு ஊட்டிய இரவுகள் அவை மட்டுமே.

மற்றக் கைமருந்துகளில் நாம் மனமாரப் பரிந்துரைக்கக்கூடியது தேங்காயெண்ணெய். இரவில் கைகழுவித் துடைத்துவிட்டு, ஒரு சொட்டை எடுத்து நகத்தின் அடியோரத்தில் தேய்த்துவிட்டால் தோலின் ஈரம் வறண்டு போகாது. வெடிப்பும் நகத்தோரத்துப் பிசிரும் குறையும். பிசிரைப் பல்லால் கடித்து இழுப்பவர்களின் விரலில் வேப்பெண்ணெய் தடவுவது குழந்தைகளுக்கு மட்டுமான வைத்தியம் அன்று. எங்கள் துறையில் விடைத்தாள் திருத்தும் காலத்தில் பெரியவர்களுக்கும் அது தேவைப்படுகிறது. நகத்தில் வெண்புள்ளி கண்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பால் குடிக்கச் சொல்வது வீண். நகம் முளைக்கும் இடத்தில் எப்போதோ பட்ட சிறு அடிதான் பெரும்பாலும் அப்படிப் புள்ளியாக மேலேறி வருகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக ஆறு மாதம் வேண்டும். கால்பெருவிரல் என்றால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். எந்த எண்ணெயையும் பதினைந்து நாளில் பழிப்பதும் புகழ்வதும் சரியல்ல.

இத்தனையும் எழுதத் தூண்டியவர் எங்கள் கல்லூரி விடுதியில் பாத்திரம் கழுவும் அம்மையார். துறையில் நாங்கள் மூவர் மதியம் விடுதியில்தான் சாப்பிடுவோம். தட்டை வாங்கும்போது அவருடைய கையை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் தற்செயலாகவே பார்த்தோம். இரண்டு கையிலும் நகத்தின் அடிமடிப்பு தடித்துச் சிவந்திருந்தது. மெல்லிய தோலோரம் இருந்த சுவடே இல்லை. நகங்கள் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளமிட்டு, ஓரங்களில் கறுத்திருந்தன. இது ஆச்சிக்கு வந்த வகை அன்று. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட நகச்சுற்று. முன்பு இதைப் பூஞ்சைத் தொற்று என்றே கருதினார்கள். இன்றைய தோல் மருத்துவம் ஈரமும் சோப்பும் ஓயாமல் அரித்து உண்டாக்கும் அழற்சி என்றே இதை முதலில் கொள்கிறது. பூஞ்சை, திறந்த வீட்டில் பிறகு வந்து குடியேறுவது.

"எலுமிச்சம்பழம் வச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் சிரித்துவிட்டார்.

"அத மாட்டிக்கிட்டு ஏனம் எப்படிம்மா கழுவ?"

அந்த வாரம் வகுப்பில் அகநானூற்றின் 34ஆம் பாடல் நடந்துகொண்டிருந்தது. வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேரை விரைந்து செலுத்தச் சொல்லும் முல்லைப் பாட்டு. அதில் ஒரு வெண்மைக்கு உவமை தேவைப்படுகிறது. அதற்காகத் துணி வெளுக்கும் புலைத்தி ஒருத்தி, கஞ்சிப்பசை படிந்த விரல்களோடு ஓரடியில் வந்து போகிறாள். உவமை முடிந்ததும் பாட்டு தலைவியிடமும் அவள் கையிலுள்ள கிளியிடமும் போய்விடுகிறது. ஆண்டுதோறும் நாங்களும் கிளியிடம்தான் விரைவோம். இம்முறை ஒரு மாணவி அந்த விரலிலேயே நின்றுகொண்டு, "பசை பட்டுப்பட்டு அவள் கை என்ன ஆகும்?" என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. அன்றைய வகுப்பு அதிலேயே முடிந்தது.

விடுதி அம்மையாருக்குக் கைமருந்து சொல்வது எளிது, சொன்னோம். உலர வை, எண்ணெய் தடவு, கையுறை போடு. ரப்பர் கையுறையை வெறுங்கையில் போட்டால் வியர்வையே ஈரமாகிவிடும் என்று உள்ளே பருத்திக் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்கில் எவர்சில்வர் தட்டு வழுக்குகிறது, கையுறையோடு போனால் நேரம் பிடிக்கிறது என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டார். குறை அவரிடம் இல்லை. வேளைக்கு இருநூறு தட்டு. கழுவி முடிக்காமல் வீடு செல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று அறிந்து, பூசக் களிம்பும் கொடுத்தார்கள். 'தண்ணீரில் கை வைக்காதீர்கள்' என்றும் சொன்னார்கள். நாட்கூலிக்காரர் அவர்; அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்?

நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். விடுதிப் பொறுப்பாளர் முதலில், பாத்திரம் கழுவுகிறவள் பாத்திரம் கழுவாமல் வேறென்ன செய்வாள் என்றார். பரிமாறும் பெண்கள் இருவர் இருக்கிறார்களே, முறை மாற்றலாமே என்றோம். அந்தப் பெண்களுக்கு விருப்பமில்லை. அவர்களுக்கும் நகம் இருக்கிறது. பல நாள் பேச்சுக்குப் பின், வாரத்தில் மூன்று நாள் அவர் பரிமாறுவது, அந்த நாட்களில் மற்ற இருவரும் பகிர்ந்து கழுவுவது என்று முடிவாயிற்று. கூலியில் குறைவில்லை என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கியது. இரண்டு மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்திருக்கிறது. வலக்கைக் கட்டைவிரலில் அடியிலிருந்து கால்பங்கு நகம் வழவழப்பாக வந்திருக்கிறது, அதற்கு மேல் பழைய வரிகள். இடக்கை இன்னும் தேறவில்லை. வரும் ஜூனில் புதிய மாணவியர் சேர்வார்கள். இந்த ஆண்டு விடுதிக்கு எத்தனை பேர் கூடுதலாக வருவார்கள் என்று சோறு போடும்போது எங்களிடம் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.